தலையாட்டாதவள்

துணியை மேசைமேல் விரித்து, கழுத்து எவ்வளவு இறக்கம், கை எவ்வளவு நீளம் என்று சாக்பீஸால் கோடு போடுகிறாள் பாத்திமா. ரவிக்கை தைக்கக் கொடுத்தவள் எதிரே நின்று, "கை முட்டிக்கு மேல இருக்கணும், இன்னா, புரியுதா?" என்று தெருவே கேட்கக் கத்துகிறாள். பாத்திமாவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. ஆனாலும் புரிந்த மாதிரி தலையாட்ட மாட்டாள். கத்துகிறவளின் விரலைப் பிடித்துக் கோட்டின்மேல் வைத்து, இதுதானா என்று கண்ணால் கேட்பாள். பதில் வரும்வரை கத்தரிக்கோலைத் தொட மாட்டாள்.

சங்கராபுரத்தில் எனக்கு அடுத்த வீடு அவளுடையது. கதவைத் தட்டிப் பயனில்லை. வாசலில் தொங்கும் கயிற்றை இழுத்தால், உள்ளே தையல் மெஷினுக்கு மேலே ஒரு சிவப்புத் துணி ஆடும், எட்டிப் பார்ப்பாள். கன்னியாஸ்திரிகளின் பள்ளியில் கைப்பேச்சு படித்தவள். எனக்கு எழுத்துத் தெரியாது, அதனால் எழுதிக் காட்டியும் என்னோடு பேச முடியாது. வேறு வழியில்லாமல் நான்தான் அவள் பேச்சைக் கற்றுக்கொண்டேன். என் விரல் சரியாக மடங்காது. இருந்தாலும் வந்துவிட்டது.

எல்லோருக்கும் கையாலேயே பெயர் வைத்திருக்கிறாள். எனக்கு, வெற்றிலை இடிப்பது. மனு வாங்கும் அதிகாரிக்கு, மூக்குக் கண்ணாடி துடைப்பது.

காது கேட்காத யார் வீட்டுக்கு வந்தாலும் முதலில் அவர்கள் மோவாயைப் பிடித்துக்கொள்வாள். புரியாவிட்டாலும் தலையாட்டுவது அவர்கள் பழக்கம். தலையாட்டினால் வாத்தியார் விட்டுவிடுவார், டாக்டர் விட்டுவிடுவார், வீட்டில் எல்லோரும் வாயை மூடுவார்கள். பாத்திமாவின் கை சொல்வதை எங்கள் பேச்சில் சொன்னால் இப்படி வரும்: "நீ தலைய ஆட்னா அவன் வேல முட்ஞ்சிது. உன் வேல கெட்டுது. புரிலன்னா மரம் மாரி நில்லு."

திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீஸுக்கு மனு கொடுக்கப் போவாள். அங்கே பெயரை மைக்கில்தான் கூப்பிடுவார்கள்; அதைக் கேட்பதற்கு நான். அவள் கேட்பது ஒன்றுதான். ஆஸ்பத்திரியில் கைப்பேச்சு தெரிந்த ஓர் ஆளை வையுங்கள். ஆள் வரும்வரை என்னையாவது உள்ளே விடுங்கள், கூலி வேண்டாம் என்பாள். மனுவில் காது கேளாதோர் என்று பார்த்ததும் காது மெஷின் ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். குறை தீர்ந்தது என்று போனில் தகவலும் வருகிறது. அந்த மெஷின்களெல்லாம் அவள் பொத்தான் டப்பாவில் கிடக்கின்றன. "ஆளு கேட்டா மெஷினு குடுக்கறான் ஆயா. பசிக்கிதுன்னா செருப்பு குடுப்பான் போல."

இந்த வருஷம் அவள் அவசரப்பட்டதற்குக் காரணம் அபிநயா. வெள்ளிமலைப் பெண். அவளுக்கும் காது கேட்காது, பள்ளிக்கூடமும் பார்த்ததில்லை. புருஷன் கேரளாவுக்கு வேலைக்குப் போயிருக்க, பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி பக்கமாக இருக்கட்டும் என்று, ஏழாம் மாதத்தில் பாத்திமா வீட்டுக்கு வந்து தங்கினாள். தினமும் கைப்பேச்சுப் பாடம் நடந்தது. தெரியாமல் தலையாட்டினால் மோவாயில் ஒரு தட்டு விழும். உடனே இரண்டு பேரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புச் சத்தத்துக்குத் தெரு திரும்பிப் பார்க்கும்.

செக்கப்புக்கு மூவருமாகப் போனோம். "பேஷண்ட்டு மட்டும் வா, கும்பல் போடாத" என்றாள் நர்ஸ்.

"அதுக்குக் காது கேக்காதும்மா. இவள மட்டும் கூட வுடு" என்று கெஞ்சினேன்.

"நாங்க கேட்டுக்கறோம் ஆயா. நீ போயி ஒக்காரு."

கதவு சாத்தப்பட்டது. பாத்திமா கதவுக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றாள். உள்ளே பச்சைத் திரைதான் தெரிந்தது.

அடுத்த செக்கப்பில் குழந்தைக்குத் துடிப்பு இல்லை என்றார்கள். நான் சண்டைக்குப் போனேன். அந்த நர்ஸும் பாவம், அழுதுவிட்டாள். "போன தபாவே கேட்டன் ஆயா, புள்ள நல்லா அசையுதான்னு. மாஸ்க்கப் போட்டுக்கினுதான் கேட்டன். ஆனா அது நல்லா தலைய ஆட்டுச்சே."

இதை நான் கையால் சொன்னபோது, பாத்திமா பாதியில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு விட்டுவிட்டு, முதலிலிருந்து சொல்லச் சொன்னாள்.

அபிநயா வெறும் மடியோடு மலைக்குப் போய்விட்டாள்.

போன திங்கட்கிழமையும் போனோம். மைக்கில் பெயர் வந்ததும் பாத்திமாவின் தோளைத் தொட்டேன். அதிகாரி நல்ல மனிதர்தான், உட்காரச் சொன்னார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ஆளு போடச் சொல்லி மேல எழுதியிருக்கறம்மா. இப்போதைக்கு இத வச்சிக்கோ, புது மாடலு. புரியுதா?" என்று ஒரு சின்னப் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார்.

அவர் சொன்னதைச் சொல்ல நான் கையைத் தூக்கினேன். பாத்திமா என் பக்கம் திரும்பவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, தலையாட்டினாள்.