வீட்டுத் தண்ணீர்

வில்லியனூரில் வாடகை வீடு, நான் தனிக்கட்டை. ஆய்வுக்கூடத்தில் எனக்குத் துணை ஒரு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். மூலக்கூறுகளை எடைபோட்டு, ஒவ்வொன்றையும் திரையில் ஒரு கோடாகக் காட்டி, இன்னதென்று சொல்லும் இயந்திரம். நாள் முழுக்க அதனோடுதான் பேச்சு. அதுவும் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்லும்.

அதில் லேசர் பட்டதும் சோதனை மாதிரியைத் தட்டிலிருந்து எழுப்பிவிட ஒரு துணைப்பொருள் வேண்டும். வழக்கமான துணைப்பொருள்கள், பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணைப் பேசவிடாமல் தானே பேசும் பெரியம்மா மாதிரி. சின்ன மூலக்கூறுகள் தெரியவேண்டிய இடத்தையெல்லாம் துணைப்பொருளின் கோடுகளே அடைத்துக்கொள்ளும். அதற்குப் பதிலாகக் கிராஃபீன் என்ற கார்பன் நானோத்தூளைப் போட்டுப் பார்த்தேன். லேசர் ஒளியை வாங்கிக்கொண்டு அது பாட்டுக்குக் கிடந்தது. எனக்குப் பிடித்துப்போனது.

தண்ணீரில் வயல் மருந்துகளின் எச்சத்தைத் தேடும் சோதனை அது. ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தமான ஊர்த் தண்ணீர் வேண்டுமென்று, குருவிநத்தத்தில் தம்பி வீட்டு போர்வெல்லில் ஒரு பாட்டில் பிடித்து வந்தேன். நான் குடித்து வளர்ந்த தண்ணீர். சந்தேகப்படத் தோன்றவே இல்லை. திரையில் கரும்புக்குத் தெளிக்கும் களைக்கொல்லியின் கோடு பளிச்சென்று நின்றது. தட்டைக் கழுவி, தூளை மாற்றி, திரும்பத் திரும்பப் பார்த்தேன். கோடு போகவில்லை.

மறுநாளே தம்பியிடம் போய்ச் சொன்னேன். எங்கள் பக்கம் களைக்கொல்லிக்கும் காய்ச்சல் மாத்திரைக்கும் ஒரே பேர்தான், மருந்து.

"மருந்துதானேக்கா அடிச்சேன், வெஷமா வெச்சேன்?" என்றான்.

"அந்த மருந்துதான்டா வெஷம். உன் பாப்பாவுக்காவது வேற தண்ணி குடு."

"ஊரே இதத்தான் குடிக்குது. எங்க வூட்டு தண்ணி உனுக்கு ஆவலன்னா நீ குடிக்காத."

எனக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கத்திவிட்டுக் கிளம்பினேன். அப்பா அம்மா போனபிறகு எனக்கென்று இருப்பது அவன் ஒருவன்தான் என்பது பஸ் ஏறியபிறகுதான் உறைத்தது. அப்புறம் அவனிடமிருந்து போனே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வார்த்தை பேச ஆளில்லாமல் பொழுது போனது. அழுதிருக்கிறேன்.

பொங்கலுக்குக் கூப்பிட்டான். ஓடினேன். தம்பி பெண்டாட்டி இலை போட்டு அன்பாகத்தான் பரிமாறினாள். எல்லாருக்கும் டம்ளரில் போர்த் தண்ணீர். என் இலைக்குப் பக்கத்தில் மட்டும் கடைப் பாட்டில், சீல் உடைக்காமல்.

"உனுக்குன்னே வாங்கியாந்தேன்க்கா," என்றான் தம்பி. குரலில் குத்தலே இல்லை. குத்தியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

பாட்டிலைப் பக்கத்தில் இருந்த தம்பி மகள் பாப்பாவிடம் நகர்த்தினேன்.

"அது உனுக்கு, அத்தை, இதுதான் எங்குளுக்கு," என்று திருப்பித் தள்ளிவிட்டு, தன் டம்ளரைத் தூக்கி மடமடவென்று குடித்தாள்.