பல்லுக் கோயிலில் பூக் கேட்டோம்

மடித்த காகிதத்துக்குள் இருக்கும் மல்லிகை மொட்டுக்கு, தலையில் வைத்த மல்லிகைக்கு இல்லாத ஒரு வாசனை உண்டு. கொஞ்சம் ஈரம், கொஞ்சம் அச்சு மை, அதற்கும் அடியிலிருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டாலும் விடாமல் வந்து சேர்கிற பூவின் வாசம். பத்து வயதில் அந்த வாசனையை வைத்துக்கொண்டு நான் ஒரு பெரிய தப்பு செய்தேன். சிங்கப்பூர் சைனா டவுனில், புத்தரின் பல் இருக்கிறது என்று எங்கெங்கிருந்தோ வந்து கும்பிடுகிற கோயிலில், நாலாவது மாடியில், தங்கக் கோபுரத்துக்கு எதிரே உட்கார்ந்து செய்தேன்.

எங்கள் ஊர் பெரியநாயக்கன்பாளையம். அப்பா மோட்டார் பம்புக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் சின்ன "லேத்துப் பட்டறை" வைத்திருந்தார். வீட்டில் போர் போடுவதானாலும், பட்டறைக்குப் புது மெஷின் இறக்குவதானாலும், குலதெய்வத்திடம் "பூக் கேட்காமல்" எதுவும் நடக்காது. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரே மாதிரி மடித்துச் சாமி முன்னால் வைத்து, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் அந்தப் பேச்சையே விட்டுவிட வேண்டும். ஒரு காரியத்துக்கு ஒரு தடவைதான் கேட்கலாம், யாருக்காகக் கேட்கிறோமோ அவர்களும் கூட இருக்க வேண்டும். நாலு வயதிலிருந்து எங்கள் வீட்டில் பூ எடுக்கிற குழந்தை நான்தான். நான் வெள்ளை எடுத்த இடத்தில் போட்ட போரில் தண்ணீர் வந்துவிட்டதால் "ராசியான கை" என்று பேர் வேறு வாங்கிவிட்டேன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. எனக்குத் தலை பின்னிவிட்டதும், பக்கத்தில் போட்டுத் தூங்கவைத்ததும் அவள்தான். ஜாதகத்தில் ஏதோ தோஷம் என்று ஆறு பேர் வந்து பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ஏழாவது ஆள் வருவதற்குள் அவள் நர்ஸ் வேலைக்குச் சிங்கப்பூர் போய்விட்டாள். "மூணே வருசம் கண்ணு, வந்துருவேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். நான் காலண்டரில் கோடு போட்டுக்கொண்டு வந்தேன். மூன்று வருடம் முடியப் போகும்போதுதான் ஃபோன் வந்தது. கூட வேலை பார்க்கும் லிம் என்கிற சீனரைக் கட்டிக்கொள்ள அவளுக்கு விருப்பம். அண்ணன்மார் சரியென்றால் மட்டும்தான்.

வீட்டில் எழுந்த சத்தத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை. கடைசியில் பெரியப்பா ஒரு வழி சொன்னார், சாமி வெள்ளை கொடுத்தால் நாங்கள் யாரும் குறுக்கே நிற்கமாட்டோம், சிவப்பு வந்தால் அவள் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட வேண்டும் என்று. அத்தையும் ஒத்துக்கொண்டாள். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை, ஆகவே அப்பாவும் நானும் போனோம். அம்மா தம்பியோடு வீட்டில் இருந்துவிட்டார். எனக்குப் பாஸ்போர்ட் எடுத்து விமானம் ஏற்றிக் கூட்டிப்போனது முழுக்க என் கைக்காகத்தான்.

அத்தை வீட்டில் மூன்று நாள் இருந்தோம். கிளம்புகிற அன்றைக்குத்தான் அவளுக்கு வேலை இல்லை. மாலையில் எங்களுக்கு விமானம். சைனா டவுனில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. நம்மூர்க் கோபுரம், நம்மூர் மணி, வாசலில் நம்மூர்ப் பூக்கடை. அங்கே கேட்பதாகத்தான் ஏற்பாடு. பூக்கடையில் வெள்ளைச் செவ்வந்தி ஒரு கூடை நிறைய இருந்தது. அப்பா அதைத் தாண்டிப் போய் மல்லிகை மொட்டும் சிவப்பு ரோஜா இதழும் கேட்டு வாங்கினார். ஊரில் எப்போதும் நந்தியாவட்டையும் அரளியும்தான், இரண்டுக்கும் சொல்லிக்கொள்கிற வாசம் கிடையாது. வெளியூர் வந்ததால் அப்பாவுக்குப் புத்தி மாறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா பூவைப் பொட்டலமாக மடித்து எடுத்துக்கொண்டு வருவதற்குள் மாரியம்மன் கோயிலில் மத்தியானத்துக்கு நடை சாத்திவிட்டார்கள். சாயங்காலம்தான் திறப்பார்கள். அப்பா அந்தத் தெருவில் அங்கும் இங்கும் பார்த்தார். ஒரு பக்கம் காய்ந்த மீனும் மருந்து வேரும் விற்கும் கடைகள், ஒரு பக்கம் மசூதி, தெருக்கோடியில் அடுக்கடுக்காக ஓடு வேய்ந்த சிவப்புக் கட்டடம் ஒன்று. அது என்ன கோயில் என்று கேட்டார். புத்தர் கோயில், மத்தியானமும் திறந்திருக்கும் என்றாள் அத்தை. "அதுவும் சாமிதானே அம்மணி" என்று அப்பா நடக்க ஆரம்பித்துவிட்டார்.

கீழே பெரிய கூடம் முழுக்கப் பொன்னிறச் சிலைகள். ஊதுவத்தியும் சிவப்புக் கம்பளமும் ஏசிக் குளிரும். லிஃப்டில் நாலாவது மாடிக்குப் போய்ச் செருப்பைக் கழற்றினோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தங்கக் கோபுரம், அதற்குள்தான் பல். இந்தப் பக்கம் பாயில் நாலைந்து பேர் கண்ணை மூடி அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா பொட்டலங்களை முன்னால் வைத்து, மெல்லிய குரலில் புத்தரிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். ஊர் பேர் சொன்னார், குலதெய்வத்தின் பேர் சொன்னார், தங்கச்சி பேர் சொன்னார். புத்தருக்கு எங்கள் வழக்கம் தெரிந்திருக்காது என்று, "வெள்ள வந்தா சரிங்க, செகப்பு வந்தா வேண்டாங்க" என்று அதையும் விளக்கினார். பிறகு வலது பக்கப் பொட்டலத்தை என் முழங்காலுக்குக் கிட்டத்தில் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

நான் நெற்றி தரையில் படக் கும்பிட்டேன். அப்போதுதான் வாசம் வந்தது. வலது பக்கம் மல்லிகை. சந்தேகமே இல்லை. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக எதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. காலண்டரில் போட்ட கோடெல்லாம் ஞாபகம் வந்தது. நிமிர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டி, இடது பக்கம் எடுத்தேன்.

அத்தைதான் பிரித்தாள். ரோஜா இதழ்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடியும் மடித்தாள். "சரிங்ணா" என்றாள், அவ்வளவுதான். அவள் கோபித்திருந்தாலோ அழுதிருந்தாலோ நான் தாங்கியிருப்பேன். அப்பா எழுந்திருக்கவில்லை. எண்ணெய்க் கறை போகாத இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை ஊருக்கு வரப்போகிறாள் என்ற சந்தோஷம் எனக்கு வருமென்று காத்திருந்தேன். வரவில்லை.

அந்தக் கோயிலில் தரைக்குக் கீழே இருக்கும் தளத்தில் எல்லோருக்கும் சைவச் சாப்பாடு போடுகிறார்கள். லிம் அங்கே எங்களுக்காகக் காத்திருந்தார். நான் என்னவோ சினிமா வில்லன் மாதிரி ஒருவரை எதிர்பார்த்திருந்தேன். கண்ணாடி போட்ட, லேசாக வழுக்கை விழுந்த, பயந்த மனிதர் ஒருவர் எழுந்து நின்று, "வாங்கண்ணா, சாப்பிடுங்க" என்றார். எத்தனை நாள் மனப்பாடம் செய்தாரோ. மேலே என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது, அத்தையும் சொல்லவில்லை. நூடுல்ஸும் கீரையும் வாங்கி வந்து எங்கள் முன்னால் வைத்தார். பிறகு பையைத் திறந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். எலுமிச்சை ஊறுகாய். அண்ணனுக்கு ஊறுகாய் இல்லாமல் சோறு இறங்காது என்று அத்தை எப்போதோ சொல்லியிருக்கிறாள்.

அப்பா அந்தப் பாட்டிலைப் பார்த்தார், சாப்பிடவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. நூடுல்ஸ் பிடிக்கவில்லை போல என்று லிம் பதறிப்போய் ரொட்டி வாங்க எழுந்தார். அத்தை என் முதுகைத் தடவினாள். அந்தக் கை பட்டதும் என்னால் முடியவில்லை.

"எனக்கு மல்லி வாசம் வந்துச்சுங்கப்பா. தெரிஞ்சேதான் செகப்ப எடுத்தேன். அத்தை நம்மூட்டுக்கு வரோணும்னு எடுத்துப்போட்டேன்."

அடி விழும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். விழவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"மல்லி வாங்குனதே நீ அத எடுக்கோணும்னுதான் கண்ணு. நீ மல்லின்னா உடமாட்டீன்னு வாங்கினேன். சாமிய ஏமாத்தப் பாத்தேன், அது செகப்பக் குடுத்து என்ற மொகத்துல அடிச்சுப்போட்டுதுன்னு உக்காந்திருந்தேன்."

அத்தை முதலில் சிரித்தாள். பிறகு அழுதாள். பக்கத்து மேசைச் சீனப் பாட்டி ஒருத்தி காகிதக் கைக்குட்டையை நீட்டினாள். ஆறு பேர் வந்து போனபோதெல்லாம் தங்கச்சிக்கு ஒன்றும் செய்ய முடியாமல் நின்ற மனிதர், பெரியப்பாவிடம் காட்ட ஒரு வெள்ளைப் பூவுக்காக இவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்பது எனக்கு அப்போது பாதிதான் புரிந்தது.

அண்ணா, இன்னொரு தடவை கேட்கலாமா என்று அத்தை மெதுவாகக் கேட்டாள். ஒரு காரியத்துக்கு ஒரு தடவைதான் என்றார் அப்பா. அதோடு, அப்பனும் மகளுமாகத் திருட்டுத்தனம் செய்துவிட்டு மறுபடி எந்த முகத்தோடு போய் நிற்பது என்றார். பிறகு தங்கச்சி பக்கம் திரும்பினார்.

"உனக்குப் புடிச்சிருக்குதா அம்மணி?"

முப்பத்தொரு வயதுவரை அத்தையிடம் அதை யாரும் கேட்டதில்லை. வந்த ஆறு பேரிடமும் பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டார்கள்; ஜாதகத்தைக் கேட்டார்கள், சாமியைக் கேட்டார்கள். "புடிச்சிருக்குதுங்ணா" என்றாள். ரொட்டித் தட்டோடு லிம் திரும்பி வந்தபோது, அப்பா ஊறுகாய் பாட்டிலைத் திறந்து நூடுல்ஸில் போட்டுக்கொண்டிருந்தார்.

ஊருக்கு வந்து, வெள்ளைதான் வந்தது என்று சொல்லிவிட்டோம். "சிங்கப்பூர்ச் சாமியே வெள்ளை கொடுத்த கல்யாணம்" என்று பெரியப்பா இன்றைக்கும் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்கிறார். அவர் இதைப் படித்தால் படிக்கட்டும்.

போன வருடம் லிம் மாமாவோடும் அத்தையோடும் அந்தத் தெருவில் நடந்தேன். நாங்கள் பூ வாங்கிய கடை இல்லை, அந்த இடத்தில் செல்ஃபோன் உறை விற்கிறார்கள். மருந்து வேர்க் கடையில் இப்போது காபி. பல்லுக் கோயில் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. எங்கள் வீட்டிலும் பூக் கேட்பது நின்றுபோய் வெகுகாலமாகிறது. என் ராசியான கைக்கு அன்றோடு வேலை போய்விட்டது. சின்ன வயதில் சாமி முன்னால் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் கையையே பார்த்திருக்கும் அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அது போனதில் எனக்கு வருத்தமில்லை.

இந்தத் தை மாதம் என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். நல்ல இடம், சொந்த மில், எல்லோருக்கும் திருப்தி. மறுநாள் காலையில் பெரியப்பா நந்தியாவட்டையும் அரளியும் பறித்து இரண்டு பொட்டலமாக மடித்துக்கொண்டு வந்துவிட்டார், பக்கத்து வீட்டுக் குழந்தையையும் கையோடு கூட்டிக்கொண்டு. அப்பா டீ குடித்துக்கொண்டிருந்தார். வேண்டாங்கண்ணா என்று பொட்டலங்களை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து அதே கேள்வியைக் கேட்டார்.

"புடிக்கலீங்கப்பா" என்றேன்.

அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அவர்களிடம் சொல்வதற்கு ஃபோனை எடுத்தார்.