வெட்டாத பாத்தி

முப்பத்தொரு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். ஒரு சாக்கு கேட்டால்கூட மூன்று கையெழுத்து இல்லாமல் கொடுத்ததில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு. அந்தப் பெருமையைக் குப்பையில் தூக்கிப் போட வைத்த கதை இது. நடுவில் நான் எரிந்து விழுந்தால், கோபம் என்மேல்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது தீவனப் பயிர் ஆராய்ச்சி நிலையம். அங்கே ஒரு விஞ்ஞானி இருந்தார். எல்லாருக்கும் அவர் புல்லு மேடம். அறைக் கதவில் டாக்டர் என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, நொண்டுகிற ஆட்டை இழுத்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு. அவர் விரட்ட மாட்டார். காலைத் தூக்கிப் பார்த்து முள்ளை எடுத்துவிட்டு, "ஆடு தின்னுறதுக்குத்தான் நான் டாக்டர், ஆட்டுக்கு இல்ல" என்று சொல்லி அனுப்புவார்.

வேலைக்கு வந்த புதிதில் ஒரு தீவனப் புல்லைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். வருஷத்துக்கு ஆறு அறுப்பு வரும். பேப்பரில் படம் எல்லாம் வந்தது. அடுத்து எட்டு அறுப்புப் புல் வரும் என்று மேலிடம் காத்துக்கொண்டிருந்தால், இந்தம்மா போய் டைரக்டரிடம், "வெட்டினா எவ்வளவு வரும்னு எல்லாரும் பாத்தாச்சு சார். விட்டுட்டா என்ன ஆகும்னுதான் யாரும் பாக்கல" என்று சொல்லி, நிலையத்தின் கடைக்கோடியில் மூன்று பாத்தி வாங்கிக்கொண்டார். ஒன்றில் மாசாமாசம் வெட்டுவார்கள். ஒன்றில் மாடு மேயும். மூன்றாவது வெட்டாத பாத்தி. அதில் மனுஷன் கையோ மாட்டு வாயோ படக் கூடாது.

வருஷா வருஷம் மழைக்குப் பிறகு ஒரு குறிப்பிட்ட வாரத்தில், ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் இரும்புச் சட்டத்தைப் பாத்தியில் இருபது இடத்தில் வைத்து, உள்ளே இருக்கிற செடி ஒவ்வொன்றையும் முட்டி போட்டு எண்ணுவார். பாத்திக்குள் நுழையும் முன் பையிலிருந்து ஒரு சின்ன பிரஷை எடுத்து, செருப்பின் அடியைத் தேய்த்துவிட்டுத்தான் காலை வைப்பார். வேறு பாத்தி விதை ஒட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாதாம். இதெல்லாம் நான் கேள்விப்பட்டதுதான். ஸ்டோரிலிருந்து பத்து நிமிஷ நடை. நான் ஒரு நாளும் போனதில்லை.

மற்ற விஞ்ஞானிகள் மூன்று வருஷத்தில் ஒரு ஆராய்ச்சியை முடித்து, ஒரு கட்டுரை போட்டு, ஒரு படி ஏறிப் போனார்கள். இவர் அறை மட்டும் மாறி மாறி, கடைசியில் விதைக் கிடங்குக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஜன்னலைத் திறந்தால் சுவர்.

ஒரு தடவை ஒரு தபாலைக் கொடுக்க நானும் என் சம்சாரமும் அவர் குவார்ட்டர்ஸுக்குப் போனோம். சாப்பாட்டு மேஜைக்கு இரண்டு நாற்காலி. ஒன்றில் அவர் உட்காருவார். இன்னொன்றில் காகித மடிப்புகளுக்கு நடுவே புல் காய்ந்துகொண்டிருந்தது, மேலே நாலு செங்கல். அலமாரியில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். அவருடைய அம்மா போய்ச் சேர்ந்து பல வருஷம். தம்பி வெளிநாட்டில், ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவானாம். திரும்பி வரும்போது என் சம்சாரம், "யாராவது வந்தா எதுல தண்ணி குடுப்பாங்க?" என்றாள். "யாரு வரப் போறா?" என்று நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அவருடைய இருபதாவது வருஷம் என்று நினைக்கிறேன். ஒரு நாள் ஸ்டோர் வாசலில் வந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஸ்டோர் சார், பதினோரு வருஷமா காணாம போயிருந்த ஒரு செடி, இந்த வறட்சி முடிஞ்சதும் திரும்பி வந்திருக்கு. வெட்டாத பாத்தியில மட்டும். யாரும் விதைக்கல. மண்ணுக்குள்ளயே காத்துக்கிட்டு இருந்திருக்கு."

நான் சாக்கு எண்ணிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமல், "அப்படியா மேடம், சந்தோஷம்" என்றேன். எண்ணிக்கை தப்பிவிடும் என்று பயம். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். அன்று அவர் வேறு யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். யாரிடம் சொல்வார்?

அவர் ரிட்டயர் ஆக வேண்டிய வருஷம் மறுபடி வறட்சி வந்து, மறுபடி மழையும் பெய்தது. அவர் கணக்குப்படி எண்ணுகிற வாரம், ரிட்டயர் ஆகி மூன்று வாரம் கழித்து வருவதாக இருந்தது. அதற்காகத் திரும்பி வந்துபோக டைரக்டரிடம் எழுதி அனுமதி வாங்கிவிட்டு என்னிடம் வந்தார்.

"வேலியெல்லாம் துருப்பிடிச்சு விழுந்துருச்சு. பழைய பலகையும் போச்சு. 'வெட்டக் கூடாது'ன்னு ஒரே ஒரு பலகை வேணும். ஒரு தடவை அந்தச் செடி வந்தா தற்செயல்னு சொல்லிடுவாங்க ஸ்டோர் சார். ரெண்டாவது தடவையும் அதே மாதிரி வந்தா, இருபத்தேழு வருஷக் கேள்விக்கு அதுதான் என் பதில். அதுவரைக்கும் யாரும் கை வைக்காம இருந்தா போதும்."

பலகை வந்தது. சிவப்பு எழுத்தில் அழகாகத்தான் எழுதியிருந்தான் பெயின்டர். ஆனால் பொருள் கேட்டு எழுதுகிற இண்டெண்ட் படிவத்தில் ஒரு கையெழுத்து குறைந்தது, அதிகாரி லீவில் இருந்தார். பலகையை உர மூட்டைக்குப் பின்னால் சாத்தி வைத்தேன். அவர் இரண்டு தடவை கேட்டார். "வந்துடும் மேடம், நான் பாத்துக்கறேன்" என்றேன். பார்த்துக்கொண்ட லட்சணத்தைக் கேளுங்கள்.

பிரிவு உபசார விழா என்றால் எங்கள் ஆபீசில் ஒரு கூடம், நாலு பேச்சு, கலைந்து போவது. இந்தம்மாவுக்கு மட்டும் வித்தியாசமாகச் செய்யலாம் என்று எனக்குத்தான் தோன்றித் தொலைத்தது. காலமெல்லாம் வயலிலேயே கிடந்தவர், அங்கேயே வைக்கலாமே என்றேன். எல்லாரும் பலே என்றார்கள். புல் வெட்டுகிற மெஷின்காரரைக் கூப்பிட்டு, "கடைக்கோடியில ஒரு பெரிய மரம் இருக்கு பாருங்க, அந்த நிழல் பக்கம் காடு மாதிரி கிடக்கிறதை வெட்டிச் சுத்தம் பண்ணுங்க. அறுபது நாற்காலி போடணும்" என்று சொன்னேன். நிழலாக இருக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். அந்தக் காடுதான் பாத்தி என்பது, போய்ப் பார்த்திருந்தால் அல்லவா தெரியும்?

விழா அன்று காலை மெஷின்காரர் கையில் ஒரு வளைந்த இரும்புக் கம்பியோடு வந்தார்.

"இது பிளேடுல மாட்டி பல்லே உடைஞ்சுபோச்சு சார். நாலு மூலையிலயும் ஒண்ணு ஒண்ணு நட்டு வெச்சிருக்காங்க."

வாங்கிப் பார்த்தேன். கம்பியின் தலையில் ஒரு அலுமினியத் தகடு. அதில் ஸ்டோர் நம்பர். என் கையெழுத்து. இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் மேடத்தின் பாத்திக்கு அந்த நாலு கம்பியையும் எண்ணிக் கொடுத்தவனே நான்தான்.

அந்தக் கம்பியோடு கடைக்கோடிக்கு ஓடினேன். நாற்காலியெல்லாம் போட்டாகிவிட்டது. வெட்டின புல்லை ஓரமாகக் குவித்து வைத்திருந்தார்கள். தரை மொட்டைத் தலைபோல் கிடந்தது. என்ன செய்வது? முன்னாலேயே போய்ச் சொல்ல வாய் வரவில்லை. கோழை என்றால் கோழைதான், மறைக்க என்ன இருக்கிறது.

பதினோரு மணிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். எல்லாரும் எழுந்து கை தட்டினோம். அவர் பாத்தியின் ஓரத்தில் நின்றுவிட்டார். நாற்காலிகளைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், ஓரத்துக் குவியலைப் பார்த்தார். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். அவர் பையைத் திறந்து அந்தச் சின்ன பிரஷை எடுத்தார். ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு செருப்பின் அடியைத் தேய்த்தார், பிறகு இன்னொன்று. அதற்கப்புறம்தான் உள்ளே வந்து, போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அறுபது பேர் மிதித்த இடம் அது.

பேசச் சொன்னபோது, "எல்லாரும் வந்ததுக்கு ரொம்ப நன்றி. இத்தனை பேர் இங்க வந்து நான் பாத்ததில்ல" என்று மட்டும் சொன்னார். பலமாகக் கை தட்டினார்கள்.

கூட்டம் கலைந்ததும் நான் போய் நின்றேன். பலகை, இண்டெண்ட், மரநிழல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. அவர் வயல் நோட்டைத் திறந்து தேதி போட்டு, 'வெட்டப்பட்டது' என்று எழுதினார். பக்கத்தில் காரணம் என்று ஒரு கட்டம்.

"என்னைப் போடுங்க மேடம்" என்றேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, 'விழா' என்று எழுதி நோட்டை மூடினார்.

மூன்று வாரம் போனது. எண்ணுகிற வாரம் வந்தபோது, ஸ்டோர் வாசலிலிருந்து பார்க்கிறேன், இரும்புச் சட்டத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் தனியாகக் கடைக்கோடிப் பக்கம் போகிறார். ஸ்டோரைப் பூட்டினேன். வேலை நேரத்தில் நான் பூட்டினது அன்றைக்குத்தான். பலகையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

"இன்னும் எண்ண என்ன இருக்கு மேடம்?"

"ஒண்ணுமில்ல. ஆனா இந்த வாரத்துல எனக்கு வேற எங்க போறதுன்னு தெரியல ஸ்டோர் சார்."

அவர் தரையில் முட்டி போட்டிருந்தார். நான் பலகையை ஓரத்தில் சாத்திவிட்டு வெளியிலேயே நின்றேன். அவர் பார்க்காமலே பிரஷை நீட்டினார். என் செருப்பின் அடியை நன்றாகத் தேய்த்துவிட்டு உள்ளே போனேன். வெட்டின புல்லின் அடிக்கட்டைகளுக்கு நடுவே விரலால் எதையோ விலக்கிக் காட்டினார். விரல் நகம் அளவுக்கு மூன்று இலை.

"இதுதான் அது" என்றார்.

"வந்துடுச்சே மேடம். அப்ப உங்க பதில் சரிதானே?"

"வந்துடுச்சு. ஆனா வறட்சி முடிஞ்சு தானா வந்துதா, நீங்க வெட்டினதால வெயில் பட்டு வந்துதா, இனிமே யாராலயும் சொல்ல முடியாது. என்னாலயும்தான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் அவர் நோட்டைக் கையில் எடுத்து, "எழுதிக்கவா மேடம்? என்ன எழுதணும்?" என்றேன்.

"எழுத வேண்டாம்" என்றார். "சும்மா பாருங்க. இத்தனை வருஷத்துல என்னைத் தவிர வேற யாரும் இதைப் பாத்ததில்ல."

பக்கத்தில் முட்டி போட்டேன். மூட்டு வலித்தது. வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாத்துட்டேன் மேடம்" என்றேன்.