தகரக் காளையைச் செய்தவன் நான்

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். பெரம்பலூரில் மோட்டார் பட்டறை, செந்துறையில் மாவு மில், இரண்டும் என் கையால் எழுந்தவை. மருமகன் முறையுள்ள ஆசிரியர் ஒருவர், “சின்னப் பிள்ளைங்களுக்குக் கம்ப்யூட்டர்னா என்னன்னு காட்ட ஒரு பொம்மை வேணும் மாமா” என்றார். கம்ப்யூட்டர் கொடுத்த கட்டளைப்படி நடப்பதுபோல, முதுகில் ஆணிகளைச் செருகும் வரிசைப்படி நடந்து திரும்பும் தகரக் காளை செய்து கொடுத்தேன். ஆணி மாறினால் சுவரில் முட்டும்; பிள்ளைகளே திருத்தி ஓட்டினார்கள்.

அரியலூரில் நடந்த பள்ளிக் கண்காட்சியில் காளையைப் பார்த்த அதிகாரி, யார் செய்தது என்று விசாரித்தபோது, “நானே செஞ்சதுங்க சார்” என்றார் ஆசிரியர். பக்கத்தில் நின்ற என்னை, “பொட்டி தூக்க வந்தவரு” என்றார்.

“என்ன மாப்ள இது?” என்று பிறகு கேட்டேன்.

“படிக்காதவரு செஞ்சதுன்னா எவன் நம்புவான்? வுடுங்க மாமா” என்று சிரித்தார்.

இப்போது எந்தப் பொருளானாலும் என் பெயரைத் தகரத்தில் வெட்டிப் பதித்த பிறகே வெளியே கொடுக்கிறேன். அந்தக் காளையைச் செய்தவன் நான் என்று அதே பிள்ளைகள் முன்னால் அவர் சொல்லியாக வேண்டும்.