மோட்டார் அறைச் சுவரில் ஒரு விடை

மோட்டார் அறைச் சுவரில் சாக்பீஸால் எழுதிய ஒரு வரி இன்னும் இருக்கிறது. இடப்பக்கம் சமநிலை மாறிலி. வலப்பக்கம் கார்பன் டை ஆக்சைடு மட்டும். அதற்குப் பக்கத்திலும் கீழும் என் கட்டைவிரல் தேய்த்த வெள்ளைக் கறை.

மீனாட்சிபுரத்தில் எங்கள் கிணற்றை ஒட்டிய அறை அது. வேதியியலில் பட்டம் வாங்கிவிட்டு மாடு வளர்க்க வந்தவன் நான். பிளஸ் டூ படிக்கும் மகளுக்கு மறுநாள் அதே பாடத்தில் பரீட்சை. மாட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று பார்க்கப் போன இடத்துக்கும் அவளை இழுத்துக்கொண்டு போனேன். மூடிய பாத்திரத்தில் சுண்ணாம்புக்கல்லைச் சூடாக்கினால் சுட்ட சுண்ணாம்பும் கார்பன் டை ஆக்சைடும் உண்டாகிச் சமநிலைக்கு வரும். அதன் மாறிலியில் எவையெல்லாம் வரும் என்று கேட்டேன். அவள் மூன்றையும் எழுதினாள்.

"கல்லு கூடினாலும் கொறஞ்சாலும் அதோட செறிவு மாறாது. எத்தன தடவ சொல்றது? காத்து மட்டுந்தான் கணக்கு!" என்று கத்திக்கொண்டே இரண்டு திடப்பொருள்களையும் விரலால் அழித்தேன். அவள் கண் கலங்கிவிட்டது.

மச்சினன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். என் மனைவியின் தம்பி; எங்கள் கிணற்றில் எது பழுதானாலும் இறங்கிச் சரி செய்கிறவன். "ஏனுங்க மச்சான், புள்ளயப் போட்டு இந்த வறு வறுக்கறீங்க?" என்றான். அவளிடம், "நீ பாஸாயிருவ கண்ணு. உங்கொப்பனுக்குத்தான் ஒருத்தனும் பாஸ் போட மாட்டான்" என்றதும் அவள் சிரித்துவிட்டாள்.

தழை விழாமல் தகரம் போட்டு மூடிய கிணறு. பல மாதமாக யாரும் இறங்கவில்லை. அப்படிப்பட்ட கிணற்றில் எங்கள் பக்கம் முதலில் எரியும் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் விடுவோம். அணைந்தால் அடியில் கார்பன் டை ஆக்சைடு தேங்கியிருக்கிறது; வேப்பங்கொத்துகளைக் கட்டி மேலும் கீழும் இழுத்துக் காற்றைக் கலக்குவோம்.

"வெளக்கு ஊட்டுல இருக்குதுங்களா?" என்று கேட்டான்.

"அது எதுக்கு இப்ப? தண்ணி இடுப்பளவுதான். படிக்கல்லும் கெட்டியா இருக்குது. மாடு கத்துது பாரு மாப்ளே."

தண்ணீரைச் சொன்னேன், கல்லைச் சொன்னேன். காற்றைச் சொல்லவில்லை.

அவன் சீட்டியடித்துக்கொண்டே இறங்கினான். பாதிப் படிகளில் சீட்டி நின்றது. "மச்சா..." என்று ஒரு குரல், பிறகு தண்ணீரில் விழும் சத்தம். நான் படியில் கால் வைத்தபோது மகள் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "அப்பா, காத்துப்பா! காத்து!" தீயணைப்பு வண்டி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

மனைவி என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருக்கலாம். மகள் தொட்டி மூடியைத் திறந்தால்கூட இன்று நான் எழுந்து ஓடுகிறேன்; அவளுக்கு எரிச்சலாக இருக்கிறது. பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவர்களிடம் மோட்டார் அறையை மட்டும் விட்டுவிடச் சொன்னேன்.

அந்தச் சுவரில் இருக்கும் விடை சரியானது. என் கையால் திருத்தியது.