பார்க்க வந்தவர்களும் பார்த்த படமும்

என் மகள் ஒரு வாய்க்காரி. கோயிலடியில் இதைச் சொல்லும்போது சனங்கள் குரலைத் தாழ்த்துவார்கள், ஏதோ பிள்ளைக்குத் தீராத வருத்தம் வந்துவிட்டதுபோல. நான் சத்தமாகவே சொல்கிறேன். இது அவளுடைய வாயைப் பற்றிய கதை, அதோடு ஒரு படத்தைப் பற்றியதும்.

படத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய ஆங்கிலப் படம் ஒன்று. ஒரு கூட்டம் சேர்ந்து பெரிய கசினோ ஒன்றைக் கொள்ளையடிக்கத் திட்டம் போடுவார்கள். அதையே இப்போது புதிதாகத் திரும்ப எடுத்திருந்தார்கள். இந்த முறை பூட்டுத் திறக்கிறவன், கார் ஓட்டுகிறவன், மூலையில் சும்மா நிற்கிறவன் என்று எல்லாருமே உலகத்துக்குத் தெரிந்த நட்சத்திரங்கள். தமிழ்க் குரல் போட்டு வந்ததும் எங்கள் பக்கத்தைப் பிடித்த பைத்தியத்தைக் கேட்க வேண்டாம். எத்தாளைக் கரையில் மீன் வாங்க நின்றாலும் அதே கதை. எங்கள் பாடசாலை டீச்சர் ஒருத்தி அதில் வருகிற உடுப்புகளைப் பார்ப்பதற்கென்றே திரும்பத் திரும்பப் பார்த்தாவாம். என் வீட்டுக்காரர் இவருடைய மீன்பிடி போட்டுக்கு என்ஜின் திருத்த வருகிறவர், பூட்டுத் திறக்கிற இடம் சுத்தப் பொய் என்று சத்தியம் பண்ணினார். எங்கள் மாதா கோயில் சுவாமிகூடப் பிரசங்கத்தில், "அந்தக் கள்ளன்மாருக்குள்ள இருக்கிற ஒற்றுமை எங்கட பங்குச் சபையில இல்லையே!" என்று ஒரு குத்துக் குத்தினார். பங்குச் சபைக்காரர் ஒருவரும் சிரிக்கவில்லை. ஊரிலேயே படம் பார்க்காத ஆள் நான் ஒருத்திதான். விடைத்தாள் திருத்துகிறவளுக்குப் படம் பார்க்க எங்கே நேரம்?

அந்த நாட்களில்தான் மகளுக்குச் சிலாபத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை இத்தாலியில் வேலை, லீவில் வந்திருந்தார். தகப்பனுக்கு ஐஸ் கம்பனி. நல்ல கத்தோலிக்கக் குடும்பம், குடி வெறி இல்லை. என் மகள் ஆலங்குடாவில் ஒரு ஹோட்டலில் வரவேற்பில் நிற்கிறாள். பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வருகிற வெள்ளைக்காரரோடு இங்கிலீசு, முதலாளியோடு சிங்களம், சமையல்காரரோடு தமிழ் என்று நாள் முழுக்கக் கதைக்கிற வேலை. அழகுக்கும் குறைவில்லை. ஆனால் வயது முப்பதை எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டது. முன்னே வந்த இரண்டு இடமும் அவளுடைய வாயால்தான் தட்டிப்போயின. இதுவும் போனால் என்ன செய்வது என்று எனக்கு நித்திரையே இல்லை. இந்தக் கலியாணம் நடக்க வேண்டும், அவ்வளவுதான் என் மண்டைக்குள் ஓடியது.

"பிள்ளை, வாயை வச்சுக்கொண்டு சும்மா இரு" என்றேன்.

"ஏதாவது கேட்டா?"

"ஓம் எண்டு சொல்லு."

"அம்மா, பிள்ளைக்கு விசரா, பைத்தியமா எண்டு கேட்டா?"

இப்படிப்பட்ட பிள்ளையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய! தலையில் அடித்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன்.

ஞாயிறு பூசை முடிந்து அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை, தாய், தகப்பன், ஒரு மாமி. நான் குறை வைக்கவில்லை. பற்றிஸ், கேக், பக்கத்து வீட்டு முஸ்லிம் சினேகிதி செய்து தந்த வட்டிலப்பம், மத்தியானத்துக்கு இறால் பிரட்டல், கணவாய்க் கறி. மகள் தட்டோடு வந்தாள். நல்ல அடக்கம். குனிந்து கொடுத்தாள், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். மாப்பிள்ளையின் தாய் என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தா. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்போதுதான் மாப்பிள்ளையின் தகப்பன் அந்தப் படத்தை எடுத்தார். மனிதர் அதைத் தன் வீட்டுப் பெரிய டிவியில் பார்த்திருக்கிறார். சிலாபத்து ஆட்களுக்கு வாயில் சிங்களமும் தமிழும் கலந்துதான் வரும். "படம் நியமய்!" என்றார். அதைவிட மேலே ஒன்றும் இல்லை என்கிற மாதிரிக் கையை உயர்த்தினார். "பழைய படத்தில என்ன இருக்கு? எல்லாம் இருட்டு. புதுசைப் பாருங்க, திரும்பின பக்கமெல்லாம் ஒரு ஸ்டார்!"

மாமி உடுப்பைப் பற்றிச் சொன்னா. தாய் அந்தக் கசினோவின் வெளிச்சத்தைப் பற்றிச் சொன்னா. மாப்பிள்ளை, "ஓம், டடா சொல்றது சரி" என்றார். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே நித்திரையாகிப்போன என் வீட்டுக்காரர்கூட, "ஓம் ஓம், அருமையான படம்" என்று தலையாட்டினார். அந்தப் பேச்சு அதோடு முடிந்திருக்க வேண்டியது.

"மகளுக்கு எப்பிடி?" என்று தகப்பன் கேட்டார்.

நான் மகளைப் பார்த்தேன். கண்ணால் சாடை காட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு தட்டை மேசையில் வைத்தாள். தட்டை வைத்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"எனக்குப் பிடிக்கல்ல, அங்கிள்."

"ஏன் பிடிக்கல்ல?"

"ஒரு போட்டுல ஏறின எல்லாரும் சம்மாட்டி முதலாளி எண்டா, வலை இழுக்கிறது ஆரு? இந்தப் படம் அப்பிடித்தான். ஒவ்வொருத்தரும் தன்னைத்தான் காட்டுறாங்க. களவெடுக்கப் போறவனுக்கு நெஞ்சு அடிக்க வேணாமா? இவங்க கண்ணாடி பாக்கிறாங்க. பழைய படத்தில கதவடியில காவலுக்கு நிக்கிறவன் மூக்கைச் சொறிஞ்சுகொண்டே இருப்பான். அவன் சொறியச் சொறிய எனக்கு வயித்தைக் கலக்கும். புதுசுல ஒருத்தருக்கும் பயம் இல்ல. அப்ப எனக்கு என்னத்துக்குப் பயம் வரோணும்?"

இவர் மேசை விரிப்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மகள்" என்றார் தகப்பன், குரல் கொஞ்சம் இறுகியிருந்தது. "நான் அந்தப் பழைய படத்தைத் தியேட்டர்ல பாத்தவன்."

"அப்ப உங்களுக்கு என்னை விட நல்லாத் தெரிஞ்சிருக்க வேணுமே, அங்கிள்."

ஆண்டவரே! அவள் அதை மரியாதையாகத்தான் சொன்னாள், சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மாப்பிள்ளைக்குப் பளிச்சென்று சிரிப்பு வந்துவிட்டது. தகப்பன் திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளை சிரிப்பை விழுங்கிவிட்டுத் தண்ணீர் குடித்தார். "சாப்பிடுவமே" என்று நான் எழும்பினேன். இறால் நன்றாக இருக்கிறது என்று எல்லாரும் தேவைக்கு அதிகமாகச் சொன்னார்கள்.

அவர்கள் போனபிறகு நான் குசினிக்குள் போய்ச் சட்டிகளைத் தேய்த்தேன்.

சம்பந்தத்தைப் பேசி வந்த அக்கா மறுகிழமை போன் எடுத்தா. பிள்ளையை எல்லாருக்கும் பிடித்திருக்காம். தாய்க்கு நல்ல விருப்பமாம், மாப்பிள்ளைக்கு அதைவிட விருப்பமாம். தகப்பனுக்குத்தான் மனம் நொந்துபோயிற்றாம்.

"பெரிசா ஒண்டும் இல்ல, டீச்சர். பிள்ளை ஒரு போன் கோல் எடுத்து, 'அங்கிள், நான் திரும்பப் பாத்தன், படம் நல்லம்' எண்டு ஒரு சொல்லுச் சொன்னாக் காணும். அவர் குளிர்ந்திடுவார். பிறகு நாள் குறிக்கலாம்."

ஒரு சொல். எனக்கு இருந்த சந்தோசத்துக்கு அளவில்லை. ஒரு படத்தை நல்லம் என்று சொல்வதில் என்ன வந்துவிடப் போகிறது? ஆனால் என் மகளை எனக்குத் தெரியும். சும்மா போய்க் கேட்டால் பிடி கொடுக்க மாட்டாள். நானும் படத்தைப் பார்த்து, அதில் உள்ள நல்லதை எடுத்துச் சொல்லி, அவளை மடக்கலாம் என்று முடிவெடுத்தேன். பாடசாலை விட்டு வந்து, தேத்தண்ணி ஊற்றி வைத்துக்கொண்டு, டிவி முன்னால் இருந்தேன். இவரும் பக்கத்தில் இருந்தார். இரண்டாம் தரமும் நித்திரையானார்.

நான் கண் வெட்டாமல் பார்த்தேன். சும்மா சொல்லக் கூடாது, எனக்குப் படம் நன்றாகப் பிடித்துவிட்டது! வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவன் கசினோவின் முன்வாசலாலேயே, தன் மாமியார் வீட்டுக்குப் போகிறதுபோல, உள்ளே நடந்து வருவான். அந்த இடத்தில் நான் கை தட்டினேன். இவர் திடுக்கிட்டு எழும்பி, "ஆரு வந்தது?" என்று கேட்டார்.

மகள் வேலையால் வந்ததும், செருப்பைக் கழற்ற விடாமல் பிடித்துக்கொண்டேன்.

"மகள், படம் நல்லாத்தானே இருக்கு! இனி என்ன? ஒரு கோல் எடு."

அவளும் அந்த அக்காவிடம் விசயத்தைக் கேள்விப்பட்டிருந்தாள். நேற்றே திரும்ப ஒருமுறை பார்த்தும் இருந்தாள். பிடிக்குமா என்று பார்த்தாளாம். பிடிக்கவில்லையாம். சுவரில் சாய்ந்து நின்றாள், களைத்திருந்தாள்.

"உங்களுக்குப் பிடிச்சா நீங்க சொல்லுங்க, அம்மா. என்னைச் சொல்ல வைக்காதீங்க."

"ஒரு படத்துக்காக இந்த இடத்தை விடப் போறியா? உனக்கு அந்தப் பிள்ளையைப் பிடிக்கல்லையா?"

"பிடிச்சிருக்கு" என்றாள். கண் நிறைந்துவிட்டது. "நான் சொன்னதுக்கு அவர் சிரிச்சார் அம்மா. அந்த அறையில அவருக்குத்தான் விளங்கிச்சு. அதாலதான் பிடிச்சிருக்கு. அவருக்குச் சமைக்கோணுமா, சமைப்பன். இத்தாலிக்குப் போகோணுமா, போவன். ஆனா இந்தச் சின்ன விசயத்துக்கே பொய் சொல்லிக்கொண்டு அந்த வீட்டுக்குள்ள போனா, பிறகு பெரிய விசயத்துக்கு நான் என்ன சொல்லுவன்? சாகும் வரைக்கும் ஓம் ஓம் எண்டு சொல்லிக்கொண்டு இருக்கவா?"

நான் இத்தனை வருசம் பிள்ளைகளுக்கு வகுப்பில், கேட்ட கேள்விக்கு உன் சொந்தக் கருத்தை எழுது என்று தொண்டை கிழியக் கத்துகிறவள். அவர்கள் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுவார்கள். இதோ ஒருத்தி, தனக்குப் பிடித்த மாப்பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டும் பார்த்தெழுத மாட்டேன் என்று நிற்கிறாள். அவள் சொன்ன கருத்து பிழை என்பது என் எண்ணம். இன்றைக்கும் அதுதான் என் எண்ணம். ஆனால் அது அவளுடையது.

"சரி, போனைத் தா" என்றேன்.

தகப்பன்தான் எடுத்தார். மகளின் நம்பரைக் கண்டதும் குரலில் ஒரு குளிர்ச்சி.

"சொல்லுங்க மகள்!"

"நான் பிள்ளைட அம்மா, அண்ணன். படம் பாத்தன். நல்ல படம். அந்த வெள்ளைக் கோட்டுக்காரன் முன்வாசலால வாற இடம் இருக்கே, கை தட்டிட்டன்."

"பாத்தீங்களா!" மனிதர் துள்ளிவிட்டார். "நான் சொன்னன் தானே! நியமய் தானே! ஹரி ஹரி, சரி, மகள்ட்டக் குடுங்க."

"மகளுக்குப் பிடிக்கல்ல."

"திரும்பப் பாத்தாவா?"

"பாத்தா. திரும்பவும் பிடிக்கல்ல."

நான் விடவில்லை.

"அண்ணன், எங்கட வீட்டுல இந்தப் படத்துக்கு மூண்டு கருத்து இருக்கு. எனக்கு நல்லாப் பிடிச்சது. அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கல்ல. இவர் ரெண்டு தரம் பாத்து ரெண்டு தரமும் நித்திரை. மூண்டு பேரும் ஒரு சட்டிச் சோறுதான் திங்கிறம். இதுவரைக்கும் ஒருத்தருக்கும் செமிக்காமப் போகல்ல. உங்கட வீட்டுல அவளுக்கும் ஒரு கருத்து வச்சிருக்க இடம் இருக்கா?"

எனக்கே நெஞ்சு படபடவென்று அடித்தது. கேட்டு முடித்தபிறகுதான் என்ன கேட்டேன் என்று விளங்கியது. அந்தப் பக்கத்தில் அவர் தொண்டையைச் செருமினார்.

"பாப்பம், டீச்சர்" என்றார்.

எங்கள் பக்கத்தில் கலியாணப் பேச்சில் 'பாப்பம்' என்றால் இனிப் பார்க்க ஒன்றுமில்லை என்று அர்த்தம். போனை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"என்ன சொன்னார்?"

"பாப்பம் எண்டார்."

அவளுக்கும் விளங்கியது. நின்ற இடத்திலேயே அழுதாள், சின்னப் பிள்ளை மாதிரி, முகத்தை மூடாமல். கட்டிப்பிடித்துக்கொண்டேன். எனக்கும் நெஞ்சு எரிந்தது. இத்தாலிக்காக இல்லை, அந்தப் பிள்ளையை அவளுக்குப் பிடித்திருந்ததே, அதற்காக. அந்தச் சம்பந்தம் அதோடு முடிந்தது. ஆனாலும் அவளைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில் எனக்குப் பெருமையாக இருந்தது. ஓம், பெருமைதான். வேறு சொல் தேடி நான் மினக்கெடவில்லை. என் பிள்ளை, என் வயிற்றில் பிறந்த பிள்ளை, ஆர் முன்னாலும் ஒரே கதைதான் கதைப்பாள் என்று வீதியில் இறங்கிக் கத்தவேண்டும் போலிருந்தது.

கொஞ்ச நேரத்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அம்மா, அந்த வெள்ளைக் கோட்டுக்காரன் வாற இடம் உங்களுக்கு உண்மையாவே பிடிச்சதா? இல்ல, அவருக்காகச் சொன்னீங்களா?"

"உண்மையாத்தான். நல்ல இடம்."

"படத்துலயே கேவலமான இடம் அது!"

"உனக்கு என்ன தெரியும்?" என்றேன்.

அவள் ஒரு கதிரையை இழுத்து எனக்கு முன்னால் போட்டாள். கண் இன்னும் சிவந்திருந்தது.

"இதில இருங்க, சொல்றன்" என்றாள்.

இருந்தேன்.