தேசிக்காயில் கரைந்த ஆறு கிழமை

இறுதியாண்டு ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது புவிவெப்பம். நிலத்தின் ஆழத்தில் கிடக்கும் சூட்டை மேலே கொண்டுவந்து மின்சாரம் எடுக்கிறார்கள். அந்தச் சூட்டைச் சுமந்துவர, சோடாவில் இருக்கும் காபனீரொட்சைட்டு வாயுவையும் உள்ளே அனுப்பலாம். ஆனால் அது தண்ணீரில் கலந்து அமிலமாகி, சூடான பாறையை ஓரிடத்தில் கரைக்கும். கரைந்ததை இன்னோரிடத்தில் வெள்ளையாகப் படியவைக்கும். படிவு கூடினால் பாறையின் வெடிப்புகள் அடைபடும், சூடு மேலே வராது. எவ்வளவு படியும் என்பதுதான் என் கேள்வி.

ஒட்டுசுட்டானில் எங்கள் காணியில் கிணறு வெட்டியபோது வந்த கருங்கல்லைத் துண்டுகளாக்கி, காபனீரொட்சைட்டு ஏற்றிய தண்ணீரோடு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் ஓர் இரும்புக் கலத்துள் அடைத்து ஆறு கிழமை, நாற்பத்திரண்டு நாள், சூடாக்கினேன். திறந்தபோது துண்டுகளில் வெள்ளை பூத்திருந்தது. உடனே தராசில் வைத்து நிறுத்திருக்க வேண்டும். திங்கட்கிழமை பார்க்கலாம் என்று ஒரு போத்தலில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்தவள் நான் ஒருத்திதான். காட்ட வேண்டும் போல இருந்தது.

சனிக்கிழமை குளித்துவிட்டு வந்தபோது கற்கள் சுளகில் மினுங்கிக்கொண்டு கிடந்தன.

“என்னம்மா செய்தனீங்கள்?”

“தண்ணி சுடுற கேத்திலுக்க பிடிக்கிற அதே வெள்ளைதானே. தேசிக்காய்ப் புளி விட்டுத் தேய்ச்சனான், நுரைச்சுப் போட்டுது. ஊத்தைக் கல்லையே படிப்பிக்கிற சேருக்குக் கொண்டுபோய்க் காட்டுறது?”

“அந்த ஊத்தையைத்தான் அம்மா நான் ஆறு கிழமையாச் செய்தனான்!”

அப்பா சிரித்தார். “நீ ஆறு கிழமை படிச்சதை கொம்மா அரை மணித்தியாலத்தில கழுவிப்போட்டா.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மத்தியானம் சாப்பிடவும் இல்லை. அம்மா சோற்றுக் கோப்பையோடு வந்து நின்றா.

“சேர் பேசுவாரோ பிள்ளை? நான் வந்து சொல்லட்டே?”

“வேண்டாம். கொண்டுவந்தது நான்.”

திங்கட்கிழமை விரிவுரையாளரிடம் நடந்ததைச் சொன்னேன்.

“நிறுக்காமல் ஏன் வெளியில கொண்டுபோனனீர்?”

“வீட்டில காட்டத்தான் சேர்.”

அவர் நாட்காட்டியைப் பார்த்தார். “அறிக்கை குடுக்க ஏழு கிழமை கிடக்கு. இன்னொருக்கால் வையும். எழுத ஒரு கிழமைதான் மிஞ்சும்.”

இரண்டாம் முறை கலத்தைத் திறந்து, துண்டுகளை உலர்த்தி, அங்கேயே நின்று நிறுத்தேன். படிவு குறைவாகத் தெரிந்தது. முந்தியதை நிறுக்காததால் எவ்வளவு குறைவு என்று சொல்ல வழியில்லை. ஏழாம் கிழமை வெள்ளிக்கிழமை அறிக்கையைக் கையளித்தேன். முதல் தொகுதி பற்றி அதில் ஒரே ஒரு வரி இருக்கிறது: ஆய்வாளரின் கவனக்குறைவால் இழக்கப்பட்டது.